வாளியும் கையெழுத்தும்

2017 ஜனவரி கடைசி வாரத்தை நினைத்தால் வடசென்னைக்காரர்கள் பலருக்கும் ஒரே காட்சிதான் கண்முன் வரும். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கருங்கற்களின் இடுக்கில் வரிசையாக நிற்கும் இளைஞர்கள், கைமாறிக் கைமாறி மேலே ஏறும் பிளாஸ்டிக் வாளிகள், அவற்றில் தாரைப் போலத் தடித்த கறுப்புக் குழம்பு. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் கலைந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்தச் சூடு ஆறாத பிள்ளைகள் எண்ணூர்க் கரைக்கு வந்து நின்றதை யாரும் மறந்துவிட முடியாது. ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே, அங்கிருந்து புறப்பட்ட பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றுதான் அன்று முதல் அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் கரை கறுத்தது. எண்ணெய் தண்ணீரோடும் மணலோடும் கலந்து இறுகிப்போனதால் உறிஞ்சும் லாரிகள் திணறின. கடைசியில் கைதான் வேலை செய்தது. அந்த வாளிகளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த முதல் அறிவிப்பு எந்தத் தொழில்நுட்ப மதிப்பீட்டின்மேல் எழுதப்பட்டது, அதில் கையெழுத்திட்டவர் எதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வாளியைக் கொண்டாடி கையெழுத்தை மறந்ததன் விலையை 2023 டிசம்பரில் இதே ஊர் மறுபடியும் கொடுத்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியபோது, ஏழு ஆண்டுக்கு முந்தைய அதே வாளியோடு, இம்முறை மீனவர்களே, தங்கள் படகிலிருந்து அள்ளினார்கள்.

தொழில்முறைச் சங்கங்களின் சமூகப் பொறுப்பு, சூழல் பொறுப்பு என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு டிசம்பர்-ஜனவரிகள்தான் அளவுகோல். பொறியாளர் அமைப்புகள், மருத்துவர் சங்கங்கள், ஆலை அதிபர் கூட்டமைப்புகள், துறைமுகத் தொழில் சார்ந்த சங்கங்கள் என்று இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நூறு பலகைகள் உண்டு. அவை மரக்கன்று நடுகின்றன, கண் பரிசோதனை முகாம் நடத்துகின்றன, பள்ளிக்கு மேசை நாற்காலி கொடுக்கின்றன, கடற்கரையைக் கூட்டுகின்றன. செய்பவர்களின் மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. என் வாதம் வேறு. ஒரு தொழில்முறைச் சங்கம் சமூகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம், வேறு யாரும் செய்ய முடியாத காரியம், அதன் தொழிலுக்கு உள்ளேயே இருக்கிறது. குழாயின் துரு எவ்வளவு என்று தெரிந்தவர் பொறியாளர். தெருவில் எத்தனை குழந்தைக்கு இழுப்பு என்று தெரிந்தவர் மருத்துவர். மரக்கன்றை யாரும் நடலாம். துருவைப் பற்றி அவர்தான் பேச முடியும். அதை விட்டுவிட்டு மரக்கன்றை மட்டும் நட்டால், அறிவு ஒரு பக்கமும் அறம் இன்னொரு பக்கமும் போய்விடுகின்றன.

இந்தப் பிளவு தனிமனிதர்களின் குறையால் வந்ததன்று. சட்டமே அப்படிக் கோடு கிழித்திருக்கிறது. 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். அதன் விதிகளோ, நிறுவனம் வழக்கமாகச் செய்யும் தொழிலுக்காகச் செய்கிற எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. நியாயமான விதி. தன் கிடங்குக்குப் பூட்டு வாங்கியதைத் தருமக் கணக்கில் எழுதக் கூடாதல்லவா? ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தன் குழாயை மாற்றுவது, தன் கழிவுநீர்க் கால்வாயைக் கண்காணிப்பது, தன் சாம்பல் குளத்தின் கரையைப் பலப்படுத்துவது எல்லாம் 'பொறுப்பு' என்ற சொல்லுக்கு வெளியே போய்விட்டன. அவை வெறும் 'செலவு' ஆகிவிட்டன. பூங்காவும் நோட்டுப் புத்தகமும் பொறுப்பு ஆகின. சங்கங்களும் இந்தக் கோட்டை அப்படியே தங்களுக்குள் எடுத்துக்கொண்டன. ஆண்டு மலரின் முதல் பாதியில் தொழில்நுட்பக் கட்டுரைகள், பின் பாதியில் சமூகப் பணிப் படங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம்கூட இல்லை.

கோட்டை அழிக்க முயன்ற ஒரு சங்க முயற்சியை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்தது. மறு ஆண்டே கனடாவின் வேதியியல் உற்பத்தியாளர் சங்கம் 'ரெஸ்பான்ஸிபிள் கேர்' என்ற உறுதிமொழியை உருவாக்கியது. சங்கத்தில் இருக்க வேண்டுமானால் ஆலையின் பாதுகாப்பு, கழிவு, சரக்குப் போக்குவரத்து, பக்கத்து ஊர் மக்களுக்குத் தகவல் சொல்வது ஆகிய எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்குக்கு உறுப்பினர் உட்பட வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் இந்தியன் கெமிக்கல் கவுன்சில் அதை நடத்துகிறது. நான் கேட்பதற்கு மிக நெருக்கமானது இதுதான். பொறுப்பு தொழிலுக்கு உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. மக்களுக்கு முன்கூட்டித் தெரிவிப்பது அதில் ஒரு தனிக் கடமை. ஆனால் இந்த நாற்பது ஆண்டு உறுதிமொழி எண்ணூரின் ஒரு குப்பத்து வாசல்வரை வந்ததா? அதைச் சோதித்துப் பார்க்க 2023 டிசம்பர் 26 நள்ளிரவு போதும்.

அன்றிரவு பன்னிரண்டை நெருங்கும்போது, கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் பெரியகுப்பத்துக்கு அருகே கசிவு ஏற்பட்டது. மூக்கைப் பிளக்கும் நெடியில் விழித்த மக்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஆட்டோவில், பைக்கில், கால்நடையாக. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசல் அருகே காற்றில் அம்மோனியா ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. தங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றே குப்பத்து மக்கள் சொன்னார்கள். எந்தத் திசையில் ஓடுவது என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை. பிறகு நூறு நாட்களுக்கு மேல் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். குழாய் ஏன் உடைந்தது என்பதை ஆராய நிபுணர் குழுக்கள் வந்தன. புயலில் புரண்ட பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வில் பேசப்பட்டது. அந்த ஆய்வுகள் தேவை. ஆனால் குழாய் உடைந்த காரணத்தை அறிய நிபுணர் வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவருக்கு அம்மோனியா என்றால் என்ன என்று முன்பே சொல்லிவைக்க எந்த ஆய்வும் வேண்டாம். 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளே ஆலையை நடத்துபவர் பக்கத்து மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் தெரிவித்தாக வேண்டும் என்கின்றன.

1996ஆம் ஆண்டின் வேதியியல் விபத்து விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. அதிகம் பேர் படிக்காத அந்த விதிகளை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். தொழிற்பகுதிதோறும் ஓர் உள்ளூர் நெருக்கடிக் குழு இருக்க வேண்டும். அதில் அதிகாரிகள், தீயணைப்புத் துறை, காவல் நிலையம், ஆலைப் பிரதிநிதிகள் மட்டுமல்ல. அந்தப் பகுதியில் பெயர்பெற்ற இரண்டு மருத்துவர்களுக்கும், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியருக்கும், சமூக அமைப்புகளுக்கும், இரண்டு சமூகப் பணியாளர்களுக்கும் இடம் உண்டு. குழு மாதந்தோறும் கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முழு அளவிலான ஒத்திகை நடத்த வேண்டும். மக்களுக்குப் பயிற்சி தர வேண்டும். சட்டம் எழுதியவர் போபாலை மனத்தில் வைத்து எழுதியிருப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. மருத்துவருக்கும் பத்திரிகையாளருக்கும் நாற்காலி போட்டுவைத்திருக்கிறார். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று திருவொற்றியூர்த் தெருவில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவர் சங்கமோ பொறியாளர் அமைப்போ, 'இந்தக் குழு இந்த மாதம் கூடியதா, அறிக்கை எங்கே?' என்று மாதந்தோறும் ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தால் அது ஆயிரம் மரக்கன்றுக்கு மேல்.

எண்ணூரில் தொழிலுக்குள்ளேயே பொறுப்பை வைத்த சங்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு மலர் இல்லை, ஆண்டு விழா இல்லை. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் 'பாடு' என்று முறை வைத்துக்கொண்டு இறால் பிடிக்கிறார்கள். இன்று இவர்கள் முறை, நாளை அவர்கள் முறை. முறை தவறி வலை போட்டவரை ஊர் கேள்வி கேட்கும். தன் உறுப்பினரின் கையைத் தானே பிடித்து நிறுத்துகிற சங்கம் இது. ஒரு தொழில்முறைச் சங்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ஆற்றில் என்ன மாறினாலும் முதலில் காண்பவர்கள் இவர்களே. படகு தள்ளும் கோல் இவர்களுக்கு அளவுகோல். அது நேற்றுவரை இறங்கிய ஆழத்துக்கு இன்று இறங்கவில்லை என்றால், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரல்களுக்கிடையில் கறுப்புச் சேற்றுக்குப் பதில் வழவழப்பான சாம்பல்நிற மாவு வந்தது. அதைச் சொல்லிக் காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கில் நிபுணர் குழுக்கள் வந்து பார்த்தன. 2022இல் தீர்ப்பாயம் மின்வாரியத்தின் தவற்றைப் பதிவுசெய்து கழிமுகத்தைச் சீரமைக்கச் சொன்னது. ஆற்றடியை மூடிப் படர்ந்த தென்னமெரிக்கச் சிப்பியையும் முதலில் கண்டு 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்தவர்கள் இவர்களே. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி வந்து கொட்டும் நீரில் அது வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நீரின் கணக்கு எழுதும் மாலுமிக்கும் கப்பல் பொறியாளருக்கும் சங்கம் உண்டு. காக்கா ஆழியைப் பற்றி அவர்கள் பக்கத்திலிருந்து வரவேண்டிய பேச்சு மீனவர் வாயிலிருந்துதான் வந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது வேலையைப் பற்றியது. சங்கம் ஆலைக்கு எதிராகப் பேசினால் ஆலை போகும், ஆலையோடு உறுப்பினரின் சோறும் போகும் என்கிறார்கள். வடசென்னையில் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2011இல் நிலக்கரி, இரும்புத் தாதுத் தூசியைக் காரணம் காட்டி, அக்டோபர் 1 முதல் அவற்றைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இராயபுரத்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் மூச்சு வந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த உழைப்பாளிகளுக்கு வருமானம் அடிபட்டது. சரக்கோ மறையவில்லை, வடக்கே எண்ணூருக்குப் போனது. ஒரு ஊரின் தூசி இன்னொரு ஊரின் தலையில் இறங்கியது. இந்த நிகழ்வு நான் சொல்வதற்கு எதிரான சான்று என்று சிலர் காட்டுவார்கள். எனக்கு அது சாதகமான சான்று. தூசி எழாமல் நிலக்கரியை இறக்குவது எப்படி என்பது தொழில்நுட்பக் கேள்வி. மூடிய கன்வேயர், நீர்த் தெளிப்பான், காற்றுத் தடுப்பு, குவியலின் உயரம் என்று அதற்கு விடைகள் உண்டு. அந்த விடைகளைத் தொழில் தெரிந்தவர்கள் சங்கமாகக் கூடி நின்று ஆண்டுகளுக்கு முன்பே வற்புறுத்தியிருந்தால், விஷயம் 'இறக்கலாமா கூடாதா' என்ற ஒற்றைக் கேள்வியாக நீதிமன்றத்தில் போய் நின்றிருக்காது. பேச வேண்டியவர் பேசாத இடத்தில் நீதிபதி பேச வேண்டியிருக்கிறது. நீதிபதியிடம் இருப்பது பூட்டுதான்.

பேசாத சங்கம் பின்னால் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டாவை நினைக்க வேண்டும். அங்கே சிஸ்ஸோ என்ற வேதியியல் ஆலையின் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஹோசோகாவா, ஊரில் தோன்றிய ஒரு புதிய நோயை 1956இல் முதலில் அறிவித்தவர். 1959இல் ஆலையின் பாதரசம் கலந்த கழிவுநீரைத் தீனியில் கலந்து கொடுத்த பூனைக்கு அதே நோய் வந்ததை அவர் கண்டார். அந்த ஆய்வை வெளியிட நிர்வாகம் விடவில்லை. அவருக்குப் பின்னால் நிற்க ஒரு சங்கமும் இல்லை. புற்றுநோயோடு படுத்திருந்த நிலையில் 1970இல்தான் அவர் சாட்சி சொன்னார். இதற்கிடையே 1968 வரை பாதரசம் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1968 ஆகஸ்டில் அந்த ஆலைத் தொழிலாளர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயாளிகளுக்காக இதுவரை எதுவும் செய்யாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறோம் என்று அதில் சொன்னார்கள். 'வெட்க அறிக்கை' என்றே அது வரலாற்றில் பெயர்பெற்றது. தங்கள் ஆலையைப் பற்றித் தங்கள் வாயால் சொன்ன அந்த மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஹோசோகாவா தனியாக நின்றபோது முடியாதது, சங்கம் நின்றபோது முடிந்தது. தனி ஆளின் வேலை போகும் என்ற அச்சம் உண்மை. அந்த அச்சத்தைப் பங்குபோட்டுக்கொள்ளத்தானே மனிதர்கள் சங்கம் கட்டினார்கள்? 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த காலத்திலிருந்து இந்த மண்ணுக்கு அது தெரியும்.

சங்கத்துக்கு அதிகாரம் ஏது, கண்காணிக்க வாரியம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். வாரியம் இருக்கிறது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது மணலிக்கு 76.32 வந்தது. 70ஐத் தாண்டினால் மிகமோசம் என்று பொருள். 2018இல் அதே மணலி 84.15 ஆனது. அளப்பவர் அளந்துகொண்டிருக்க, எண் கூடுதலாகவே நின்றது. உள்ளிருந்து யாரும் பேசாத இடத்தில் வெளியிலிருந்து அளப்பவரால் இவ்வளவுதான் முடியும். அதிகாரம் என்று பார்த்தால் பொறியாளர் நிலை இன்னும் கவனத்துக்குரியது. தவறு செய்த மருத்துவரின் பதிவை மருத்துவ கவுன்சில் நீக்கலாம், வழக்கறிஞரைப் பார் கவுன்சில் நிறுத்தலாம். இந்தியாவில் பொறியாளருக்கு அப்படிச் சட்டப்படியான உரிமக் குழு கிடையாது. அவருக்கு ஒழுக்கநெறி என்று ஒன்று இருந்தால் அது சங்கத்தின் ஏட்டில்தான் இருக்கிறது. 1920இல் இதே சென்னையில் பதிவான இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ், தன் உறுப்பினர் தம் அறிவை மக்களின் நலத்துக்கும் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் பயன்படுத்த வேண்டும் என்று நெறி வகுத்திருக்கிறது. வேறு காவல் இல்லாத வீட்டில் அந்த ஏடுதான் கதவு.

மருத்துவ முகாமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்கலாம். வேண்டும். 2023 எண்ணெய்க் கசிவில் மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுத்த நிவாரணம் 12,500 ரூபாய். வலையும் போய், வாரக்கணக்கில் தொழிலும் போன வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும்? அந்த வீட்டுக்கு இலவச மருந்து பெரிய உதவி. அதே முகாமை மருத்துவர் தம் தொழிலாகவும் ஆக்கலாம் என்பதுதான் என் கோரிக்கை. முகாமுக்கு வந்த முந்நூறு பேரின் மூச்சுத்திணறலை, தோல் அரிப்பை, தெரு வாரியாக, மாத வாரியாக ஒரே படிவத்தில் எழுதி ஐந்து ஆண்டு வைத்திருந்தால் அது ஆதாரம். நீதிமன்றத்தில் குப்பத்துப் பெண் ஒருவர் 'எங்க பிள்ளைங்களுக்கு இழுப்பு வருது' என்று சொல்லும்போது அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அந்தப் படிவம். மாத்திரை கொடுத்துவிட்டு ஏட்டை வீசிவிட்டால் முகாம் அன்று மாலையே முடிந்துவிடுகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வேதியியல் பொறியாளர் அமைப்பு ஒன்று ஒரு மாலை கூடி உட்கார்ந்தால் ஒரு பக்கத் தாள் எழுதிவிடலாம். தமிழில், பெரிய எழுத்தில். பெரியகுப்பம், சின்னகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டும்படி. அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குளிர்ந்த திரவமாகக் கசிந்தால் வெள்ளைப் புகைமூட்டமாகத் தரையோடு படரும், அதற்குள் போகாதீர்கள். கொடியைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அறிந்து, காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள். கண் எரிந்தால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சைரன் இத்தனை முறை ஒலித்தால் கசிவு, இத்தனை முறை ஒலித்தால் ஒத்திகை. தாளின் அடியில் தொலைபேசி எண்ணும், அதை எழுதிய சங்கத்தின் பெயரும், பொறுப்பேற்ற பொறியாளரின் கையெழுத்தும்.